நவாபின் முத்திரையும் மூன்று வட்டியும்

சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செந்நிற அரண்மனை 1768இல் எழுந்தது. அதில் குடியிருந்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. கூவத்தைத் தாண்டினால் புனித ஜார்ஜ் கோட்டை. அரண்மனைக்கும் கோட்டைக்கும் இடையே பல பத்தாண்டுகள் பாரசீகக் கடிதங்கள் போய்வந்தன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் கோட்டையின் பதிவேடுகளில் படியெடுக்கப்பட்டன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகமும் இன்று அந்தக் காலத்துப் பதிவுகளைப் பாதுகாக்கின்றன.

முதன்முறை படிப்பவருக்கு இந்தக் கடிதங்கள் சப்பென்று இருக்கும். நலம் விசாரிப்பு, நட்பின் பெருமை, கிஸ்திக்குத் தவணை, தஞ்சாவூர் ராஜா மீது மனத்தாங்கல், இன்ன துரை தமக்கு வேண்டியவர் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியில்தான் நிற்க வேண்டும். ஒரு கவர்னர் சிறைப்பட்டுச் செத்ததும், லண்டன் பாராளுமன்றம் கொந்தளித்ததும், கடைசியில் நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகமே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் அப்படிப்பட்ட வரிகளுக்குப் பின்னால் இருந்த கடன் பத்திரங்களால். ஆனால் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சீமையின் வருவாய் அடமானத்தில் இருந்தது, எந்தப் பசலி (வருவாய் ஆண்டு), அன்று கோட்டையின் ஆலோசனை சபையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கடன் எப்படி முளைத்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களில் கம்பெனி வாலாஜாவின் பக்கம் நின்றது. போர்ச்செலவை அவர் கணக்கில் எழுதியது. அதற்குத் தவணை கட்ட வேண்டும், கையில் ரொக்கமில்லை. கம்பெனியில் வேலை பார்க்கும் அதே துரைமார் தங்கள் சொந்தப் பெயரிலோ, துபாஷி எனும் மொழிபெயர்ப்பாளத் தரகரின் பெயரிலோ பணம் நீட்டினார்கள். நவாப் அதை வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார். கம்பெனிக் கடன் குறைந்தது, கம்பெனி ஊழியர்களின் கடன் ஏறியது. ஈடாக அவர்கள் வாங்கிக்கொண்டது வெறும் பத்திரம் அல்ல. இன்ன சீமையின் வரியை இன்னாருக்குக் கொடு என்று வரி வசூலிக்கும் அமுல்தாருக்கு நவாப் எழுதும் ஒதுக்கீட்டு ஆணை. இதைத் தன்கா என்பார்கள். தன்கா கையில் இருந்தால் அந்தச் சீமையின் களத்துமேடு வரைக்கும் கடன் கொடுத்தவரின் ஆள் போய் உட்காரலாம். அறுவடையில் சர்க்காருக்குச் சேரவேண்டிய மேல்வாரம் அப்படியே கடன்காரருக்குப் போகும். அடுத்த தவணைக்கு நவாபிடம் மறுபடியும் பணம் இருக்காது, மறுபடியும் கடன்.

வட்டியைத் தமிழ்ப் பேச்சில் சொன்னால் உடனே உறைக்கும். தொடக்கத்தில் வாங்கியது மூன்று வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 3, வருடத்துக்கு 36. பிறகு 25, 20 என்று இறங்கி, 1760களின் நடுவில் கம்பெனி இயக்குநர்களின் உத்தரவால் 10 ஆனது. மூன்று வட்டியில் 1,000 வராகன் கடன் கட்டப்படாமல் வருடா வருடம் அசலோடு சேர்ந்தால் ஐந்தே வருடத்தில் 4,650 வராகனைத் தாண்டும். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் பிரிட்டிஷ் குடிகள் இந்தியாவில் 12 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்றது. ஒரு வட்டிதான் உச்சம். 1777ஆம் வருடப் பத்திரங்களில் வட்டி சொல்லிவைத்தாற்போல 12 என்று இருப்பதைப் பார்க்கும்போது இந்தச் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். பத்திரத்தில் எழுதிய வட்டி வேறு, கைக்கு வந்த ரொக்கம் வேறு. பத்திரத்தொகை முழுவதும் உண்மையில் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பத்திரத்திலேயே பதில் கிடைக்காது.

அந்நாளைய மதராஸ் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. லண்டன் கணக்குக்கு மாற்றும்போது ஒரு வராகனை 8 ஷில்லிங் என்று வைப்பார்கள். இரண்டரை வராகன் ஒரு பவுண்டு. ஆங்கிலப் பதிவுகளில் பவுண்டும், மதராஸ் பதிவுகளில் வராகனும், சில இடங்களில் ரூபாயும் வரும். ஒரே கடன் மூன்று நாணயத்தில் மூன்று கடன்போல் தெரிந்து, கூட்டலில் மும்மடங்காகிவிடும். எல்லாவற்றையும் முதலில் வராகனுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கடிதத்தின் அமைப்பு இன்னொரு வலை. பாரசீக அரச கடிதங்கள் சரிகைப் பையில் வைத்து அனுப்பப்படும். தொடக்கத்தில் பெறுபவரின் பட்டங்கள், சந்திக்க ஏங்கும் சம்பிரதாய வாசகங்கள், அதன் பிறகே விஷயம். கையெழுத்தின் வேலையை முத்திரை செய்யும். முத்திரைக்குள் ஒரு ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது முத்திரை வெட்டிய ஆண்டு. கடிதம் எழுதிய ஆண்டு அல்ல. ஒரே முத்திரையைப் பல வருடங்கள் பயன்படுத்துவார்கள். இதைக் கவனிக்காமல் கடிதத்தைச் சில வருடங்கள் முன்னுக்குத் தள்ளிவிட்டால், அடமானம் நடப்பதற்கு முன்பே அடமானத்தைப் பற்றி நவாப் எழுதியதாக ஆகிவிடும். தொகைகள் சியாக் எனும் கணக்கர் குறியீட்டில் இருக்கும். எண்களின் அரபுச் சொற்களைச் சுருக்கிச் சுருக்கிக் கோடுகளாக்கிய முறை அது. பழகாத கண்ணுக்கு ஆயிரமும் பத்தாயிரமும் ஒன்றாகத் தெரியும். இந்தச் சங்கடம் அந்தக் காலத்துக்காரர்களுக்கும் இருந்தது. அதனால்தான் பாரசீகப் பத்திரங்களிலும் உண்டியல் எனும் பணமாற்றுச் சீட்டுகளிலும் தொகையை எழுதிவிட்டு "இதில் பாதி இவ்வளவு" என்று மறுபடியும் எழுதினார்கள். 1,000 என்று எழுதி, பாதி 500 என்று சேர்த்துவிட்டால் ஒரு சுழியைக் கூட்டி ஏமாற்ற முடியாது. பாதித்தொகை இல்லாத பத்திரத்தையும், பாதியும் முழுமையும் ஒத்துவராத பத்திரத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

தேதிக்கு இரண்டு நாட்காட்டி தேவை. கடிதத் தேதி ஹிஜ்ரியில் இருக்கும், வருவாய்க் கணக்கு பசலியில் இருக்கும். பசலி நம் கிராமக் கணக்குகளில் இன்றும் புழங்கும் ஆண்டுதான். ஜூலையில் தொடங்கும், அப்போதைய ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் கிடைக்கும். 1776 ஜூலையில் தொடங்கியது பசலி 1186. ஹிஜ்ரி 1190 தொடங்கியதோ 1776 பிப்ரவரி 21இல். ஹிஜ்ரி வருடம் 354 நாள் என்பதால் ஒவ்வொரு வருடமும் 11 நாள் முன்னுக்கு நழுவும். அறுவடை நழுவாது. கடிதத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றி, பிறகு நெல் வயலில் நின்றதா களத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தஞ்சாவூர் விவகாரமே இந்த ஒரு கேள்வியில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

1773 செப்டம்பரில் கம்பெனிப் படையின் துணையோடு வாலாஜா தஞ்சாவூரைப் பிடித்தார். மராட்டிய மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். காவிரிப் படுகையின் மேல்வாரம் நவாப் கைக்கு வந்தது. வந்த கையோடு அடமானமும் போனது. வாங்கியவர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்ட். 1760களில் கம்பெனியின் பொறியாளர் வேலைக்கு மதராஸ் வந்தவர். சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுண்டு. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவரும் இவரே.

தஞ்சாவூரைப் பிடித்ததை லண்டன் இயக்குநர்கள் ஏற்கவில்லை. நாட்டைத் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஜார்ஜ் பிகட்டைக் கவர்னராக அனுப்பினார்கள். பிகட்டும் பழைய மதராஸ் துரைதான். முதல் முறை கவர்னராக இருந்துவிட்டு 1763இல் பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பியவர். அவரை அப்பழுக்கற்றவராக வரைவது சரியில்லை. ஆனால் இந்தமுறை உத்தரவைச் செய்து முடித்தார். 1775 டிசம்பரில் வந்தார். 1776 ஏப்ரல் 11இல் துளஜாஜியை மறுபடியும் அரியணையில் அமர்த்தினார்.

சில வாரங்களுக்குள் பென்ஃபீல்ட் கோரிக்கை வைத்தார். தஞ்சாவூர் வருவாயின் மீது நவாப் எழுதிக்கொடுத்த ஒதுக்கீடு 1,62,000 பவுண்டு, தஞ்சாவூர்ச் சீமையிலுள்ள தனியாட்களுக்குக் கொடுத்த கடன் 72,000 பவுண்டு. ஆக 2,34,000 பவுண்டு, சுமார் 5,85,000 வராகன். சில நூறு பவுண்டு சம்பளக்காரரிடம் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கலாம். சபையில் பலர் கேட்க விரும்பவில்லை. காரணம், அவர்களில் பலரே நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள், அல்லது கொடுத்தவர்களுக்கு வேண்டியவர்கள். பென்ஃபீல்டின் தன்கா செல்லாது என்றால் அவர்களுடைய தன்காவும் செல்லாது.

முதலில் சபை கோரிக்கையை ஏற்கவில்லை. கொஞ்ச நாளில் பெரும்பான்மை திரும்பியது. நவாபின் ஆட்சியில் விதைத்த பயிர் நவாபுக்கே சொந்தம், அதை அவர் அடகு வைத்தது செல்லும் என்றார்கள். கடனுக்குச் சாட்சி என்ன என்று கேட்டால் நவாப் ஒப்புக்கொள்கிறாரே என்பதுதான் பதில். கடன் வாங்கியவர் கடன் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் பொதுவாக வலுவான ஆதாரம் என்று எடுத்துக்கொள்வோம். இங்கே அது தலைகீழ். அந்தக் கடனைத் துளஜாஜியின் நாட்டு விளைச்சல் கட்டப்போகிறது. நவாபுக்குக் காசு செலவில்லை. ஒப்புக்கொண்டால் தஞ்சாவூர் மீது தமக்கு உரிமை உண்டென்ற வாதமும் பிழைக்கும், கோட்டைக்குள் தமக்கு வேண்டியவர்களும் தங்குவார்கள். நவாபின் கடிதத்தில் ஒரு கடன் ஒப்புதலைப் பார்த்தால், இதைக் கட்டப்போவது யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

பிகட் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்த இரண்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார், படைத்தலைவர் ராபர்ட் ஃப்ளெட்சரைக் கைதுசெய்யச் சொன்னார். எதிரணி முந்திக்கொண்டது. 1776 ஆகஸ்ட் 24, ஹிஜ்ரி கணக்கில் 1190 ரஜப் மாதத்தின் முற்பகுதி. எதிரணியோடு சேர்ந்திருந்த கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அன்று பிகட்டின் மேசையில் சாப்பிட்டவர். மாலையில் பிகட்டின் வண்டியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார். கோட்டைக்கு வெளியே தீவுத்திடல் பக்கம் படை அதிகாரிகள் வண்டியை மறித்தார்கள். கவர்னரைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். 1777 மே 11இல் காவலிலேயே அவர் உயிர் போனது. இயக்குநர்களின் உத்தரவு கப்பலில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; அப்போது கடிதம் ஒருவழி போகவே ஆறு மாதம் ஆகும். ஸ்ட்ராட்டன் உள்ளிட்ட நான்கு சபை உறுப்பினர்கள் மீது லண்டனில் வழக்கு நடந்து 1780இல் தீர்ப்பு வந்தது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். பென்ஃபீல்டின் கோரிக்கைத் தொகையோடு இதை வைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

கவர்னர் காவலில் இருந்து செத்த அதே 1777இல்தான் நவாபின் தனியார் கடன்கள் இன்னொரு முறை ஒன்றுசேர்க்கப்பட்டன. முந்தைய தொகுப்பு 1767ஆம் வருடத்தது: 8,80,000 பவுண்டு, அதாவது 22 லட்சம் வராகன். 1777இன் தொகுப்பு 24 லட்சம் பவுண்டு, 60 லட்சம் வராகன். 12 சதவீதத்தில் இதற்கு வட்டி மட்டும் வருடத்துக்கு 7,20,000 வராகன்.

இவற்றுக்கு நடுவில் குதிரைப்படைக் கடன் என்று ஒன்று உண்டு. தொகையில் சிறியது, 1,60,000 பவுண்டு. ஆனால் முழுச் சூதும் இதில் அங்கை நெல்லிக்கனியாகத் தெரியும். நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், சம்பள பாக்கி தீர்க்கப் பணமில்லை. டெய்லர், மஜென்டி, கால் என்ற மூவர் முன்வந்து வருவாய் ஒதுக்கீட்டை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வீரர்களுக்கு ரொக்கம் தரவில்லை. சில மாதம் கழித்துத் தருவதாகச் சவுக்கார் எனும் வட்டிக்கடைக்காரர் எழுதிய சீட்டைத் தந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சீமையின் வரி வசூலாகிக் கடன்காரர் கைக்கு வந்துகொண்டிருந்தது. வந்த வரியிலிருந்தே கடனைக் கொடுக்கலாம், கொடுத்ததற்கு வட்டியும் வாங்கலாம். அதன் பின்னும் வீரர்கள் நெடுநாள் சம்பளத்துக்குக் காத்துக் கிடந்தார்கள் என்று பாராளுமன்றத்தில் எடுத்துச் சொன்னவர் எட்மண்ட் பர்க்.

நவாப் கோட்டையோடு நிற்கவில்லை, நேரே லண்டனுக்கும் எழுதினார். 1768இல் ஜான் மெக்ஃபர்சன் என்ற இளைஞர் நவாபின் கடிதங்களோடு பிரதமர் கிராஃப்டன் பிரபுவைப் பார்த்தார். 1770இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக ஜான் லிண்ட்சே நவாபிடம் வந்தார். அந்த மெக்ஃபர்சன் பின்னாளில் கவர்னர் ஜெனரலாகவே அமர்ந்தார். லண்டனுக்குப் போன கடிதங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆங்கில அரசியலின் கட்சிச் சண்டையைத் துல்லியமாகத் தொட்டுப் பேசும் கடிதத்தைச் சேப்பாக்கத்து முன்ஷி (பாரசீக எழுத்தர்) மட்டும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. வாசகம் யாருடையது, அதைக் கொண்டுபோன ஆளுக்குப் பத்திரம் எவ்வளவு இருந்தது என்பதே அங்கு முதல் கேள்வி.

1784இன் இந்தியச் சட்டம் இந்தக் கடன்கள் நியாயமானவையா என்று விசாரிக்கச் சொன்னது. இயக்குநர்கள் விசாரிக்க உத்தரவு வரைந்தார்கள். கம்பெனியை மேற்பார்வையிட பிரிட்டிஷ் அரசு அமைத்த, ஹென்றி டண்டாஸ் இருந்த கட்டுப்பாட்டு வாரியம் அதை அடித்துவிட்டு, மூன்று கடன்களையும் விசாரணை இல்லாமலே ஏற்றுக்கொண்டது. வருடத்துக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கீடு. முதலில் குதிரைப்படைக் கடனுக்கு 12 சதவீத வட்டி, அடுத்து 1777 கடனுக்கு 6 சதவீதம், மிச்சத்தில் பாதி கம்பெனிக்கு, பாதி 1767 கடனுக்கு. மூன்றில் மிகப் பழையதும் ஓரளவு நம்பத்தக்கதுமான கடன் வரிசையில் கடைசியில் நின்றது. 1785 பிப்ரவரி 28இல் பர்க் பேசிய நீண்ட பேச்சு இதைப் பற்றியதுதான். பென்ஃபீல்டின் செல்வாக்கில் பாராளுமன்றத்துக்குள் எட்டுப் பேர் வந்தார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. பென்ஃபீல்டே 1780 முதல் 1784 வரை உறுப்பினராக இருந்தவர். ஆவணங்களைக் கேட்ட தீர்மானம் தோற்றது.

1792 ஒப்பந்தப்படி நவாப் வருடத்துக்குக் கம்பெனிக்கு 9 லட்சம் வராகனும் தனிக் கடன்காரர்களுக்கு 6,21,105 வராகனும் கட்ட வேண்டும். தன்கா எழுதக் கூடாது என்று தடையும் வந்தது. தடை ஏட்டோடு நின்றது. 1795 அக்டோபரில் வாலாஜா இறந்த சில நாட்களில் கவர்னர் ஹோபார்ட் எழுதிய குறிப்பு, கிஸ்தித் தவணை நெருங்கும்போதெல்லாம் மதராஸ் வட்டிக்காரர்களிடம் கடன் வாங்குவதையும், அந்தக் கடனுக்காகச் சீமைகளில் குடியானவர்கள் பிழியப்படுவதையும் விவரிக்கிறது.

இன்னொரு கடிதக் கட்டு நவாபின் வம்சத்துக்கு முடிவு கட்டியது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்து அலுவலகத்தில் சில கடிதங்கள் அகப்பட்டன. 1792இல் பிணையாக மதராஸ் வந்த திப்புவின் மகன்களோடு இருந்த வக்கீல்கள், அதாவது தூதர்கள், எழுதியவை. கூடவே ஒரு சங்கேதத் திறவுகோல். அதில் வாலாஜாவுக்கு மனிதகுலத்தின் நண்பர் என்று பொருள்படும் பெயர், ஆங்கிலேயருக்குப் புதிதாக வந்தவர்கள், நிஜாமுக்கு ஒன்றுமில்லாதவர், மராட்டியருக்கு அற்பர். பாரசீக மொழிபெயர்ப்பாளர் எட்மன்ஸ்டோன் இவற்றைச் சதி என்று படித்தார், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஏற்றுக்கொண்டார். திறவுகோல் இருந்தது, அதைக்கொண்டு நவாப் சதி செய்து எழுதிய கடிதம் எங்கே? கைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி உபசாரமும் நல்வாழ்த்தும்தான். சம்பிரதாய வாசகத்தை வாக்குமூலமாகப் படித்தால் எந்தப் பாரசீகக் கடிதத்தையும் சதியாக்கிவிடலாம். என் பார்வையில், கடன் கடிதங்களில் வெளிப்படையாகக் கிடந்த ஊழலைப் படிக்க மறுத்த அதே கம்பெனி, இந்த உபசாரக் கடிதங்களில் இல்லாததைத் தேடிப் படித்தது.

1801 ஜூலை 15இல், வாலாஜாவுக்குப் பின் நவாபான அவர் மகன் உம்தத்-உல்-உம்ரா இறந்தார். உம்தத்தின் மகன் அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைக்கு இணங்கவில்லை. இணங்கிய, அதே குடும்பத்து அசீம்-உத்-தௌலாவுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைத்தன. 31ஆம் தேதி ஒப்பந்தத்தோடு கர்நாடகத்தின் ஆட்சி கைமாறியது.

கடன்காரர்கள் மட்டும் போகவில்லை. ஏற்கெனவே ஏற்கப்பட்டவை போக, நவாபுகள் பட்ட கடன் என்று புதிதாகப் பத்திரங்கள் குவிந்தன. இந்தமுறை விசாரிக்க 1805இல் ஆணையம் அமைந்தது. நவாபின் கணக்குப் பிரிவில் முன்பு இருந்து, பிறகு அந்த ஆணையத்துக்கே உதவிய ஒருவர் மீது போலிப் பத்திரம் தொடர்பாக 1808இல் மதராஸில் வழக்கு நடந்தது. ஆணையத்தின் வேலை பல பத்தாண்டுகள் இழுத்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். உண்மை என்று ஏற்கப்பட்டவை 27 லட்சம் பவுண்டுக்குள் அடங்கிவிட்டன. பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1784இல் டண்டாஸ் விசாரிக்காமல் ஏற்ற கடன்களை இப்படி எடைபோட யாருக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அவற்றுக்கான தவணை அதற்குள் ஆற்காட்டுச் சீமைகளின் களத்துமேடுகளிலிருந்து வருடா வருடம் போய்ச் சேர்ந்திருந்தது.